அத்தியாயம் 7: கிரைண்டர் பலகையின் வரைபடத்தை நாமே எடுப்பது

லாச்சப்பல் மெத்ரோவில் இறங்கி ரூ து ஃபோபூர் சன்-தெனி வழியாக ரூ காய் பக்கம் நடந்தால், அரிசி மூட்டைக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் நடுவே மேசைக் கிரைண்டர் வைத்திருக்கும் கடைகள் கண்ணில் படும். கோயம்புத்தூரில் செய்து வருபவை. பிரான்ஸிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் இந்தியாவிலோ இலங்கையிலோ ஓடிய கிரைண்டர் பிளக்கை மட்டும் மாற்றினால் இங்கேயும் ஓடும். பழுதானால்தான் கஷ்டம். கோவையில் என்றால் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புதியது வாங்கிவிடலாம். பாரிஸில் அந்தப் பலகையும் கிடைக்காது, அதன் சர்க்யூட் வரைபடமும் கிடைக்காது.

பழுதுநீக்கலை ஊக்குவிக்க பிரான்ஸில் சட்டம் உண்டு. 2020 பிப்ரவரி 10-ஆம் தேதிச் சட்டத்தின் பயனாக, 2021 ஜனவரி 1 முதல் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், புல்வெட்டி ஆகியவற்றுக்குப் பழுதுநீக்கக் குறியீடு என்ற மதிப்பெண் போட வேண்டியதாயிற்று. 2022 நவம்பரில் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வாக்யூம் கிளீனரும் அதில் சேர்ந்தன. மாவரைக்கும் கிரைண்டர் அந்தப் பட்டியலில் இல்லை. தயாரிப்பாளர் நமக்கு வரைபடம் தரப்போவதில்லை. கையில் இருக்கும் பலகையிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், ஒரு கணினி, ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். ஜிம்ப் 1996-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் வெளியிட்டது. ஃபோட்டோவைத் திருத்தத்தான் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். பலகையைப் படிக்கவும் அதைவிடக் கைக்கு இசைந்த கருவி இல்லை என்பது என் கருத்து. காரணம், சர்க்யூட் பலகையே ஒரு படத்திலிருந்து பிறப்பது. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936-இல் லண்டனில் அச்சிட்ட சர்க்யூட்டோடு ஒரு வானொலி செய்து காட்டினார். அன்றுமுதல் தயாரிப்பு முறையின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. தடங்களை வரைவார்கள், செப்புத் தகட்டின் மேல் அதைப் படமாகப் பதிப்பார்கள், வேண்டாத செப்பை அமிலத்தில் கரைப்பார்கள். மேல் பக்கத்துக்கு ஒரு படம், கீழ்ப் பக்கத்துக்கு ஒரு படம், எழுத்துகளுக்கு ஒரு படம். நாம் ஜிம்பில் திறக்கப்போகும் லேயர்கள் அந்தப் படங்களேதான். தயாரிப்பாளர் போன பாதையில் நாம் திரும்பி நடக்கிறோம்.

தொடங்குமுன் ஒரு கேள்வி. கிரைண்டரை பிரான்ஸில் உள்ள கடையில் வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லையா? அப்படியானால் திறக்காதீர்கள். சட்டப்படியான உத்தரவாதம் இரண்டு வருடம். விற்ற கடைக்காரரிடம் பில்லோடு போங்கள். இந்த அத்தியாயம் அந்தக் காலம் கடந்த கிரைண்டருக்கும், ஊரிலிருந்து பெட்டியில் வந்த கிரைண்டருக்கும்தான்.

கழற்றலும் கழுவலும்

பிளக்கை உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கரண்ட் இல்லாத கிரைண்டரிலும் மின்னூட்டம் தங்கும். ஒன்று, மோட்டாருக்கான பெரிய கண்டன்சர். இன்னொன்று, பலகையில் 474 என்றும் எக்ஸ்2 என்றும் அச்சிட்ட செவ்வகக் கண்டன்சர். அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருந்து மின்னூட்டத்தை வடிக்கும். அந்த ரெசிஸ்டர் எரிந்து போயிருந்தால் 325 வோல்ட் வரை உள்ளேயே நிற்கும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து இரண்டு கண்டன்சரையும் அளந்து பாருங்கள். மீதி இருந்தால் 1000 ஓம் அளவில் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து வடியுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

பலகையைக் கழற்றுமுன் எந்த வயர் எங்கே போகிறது என்று கைப்பேசியில் நாலு படம் எடுங்கள். கழற்றியபின் அழுக்கோடு ஒரு படம். இந்த அழுக்குப் படத்தைப் பலர் எடுப்பதில்லை. கிரைண்டர் பலகையில் அது ஒரு சாட்சி. மூடியில் வழிந்த மாவு உலர்ந்து, வெள்ளைப் பொருக்காகத் தடங்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்த அந்தப் பொருக்கு மின்சாரத்தைக் கடத்தும். அது எந்த இரண்டு தடத்தை இணைத்திருந்தது என்பது கழுவியபின் தெரியாது.

பிறகு ஐஸோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். ஈரத்தைத் தடுக்கப் பலகை முழுக்க வார்னிஷ் அடித்திருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். படத்துக்கு அது தடையில்லை. அளக்கும்போது ஊசிமுனையால் குத்திக்கொள்ளலாம். பலகையை முழுதாகக் கறுப்புப் பிசினில் புதைத்திருந்தால் இந்த முறை உதவாது.

படம் எடுத்தல்

ஸ்கேனர் என்றால் தடித்த பழைய ஸ்கேனராகத் தேடுங்கள். இன்று கடையில் விற்கும் மெல்லிய ஸ்கேனர்கள் கண்ணாடியில் ஒட்டிப் படுத்திருக்கும் காகிதத்தை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். சோல்டர் செய்த கால்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதால் பலகை கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கும். படம் முழுக்கக் கலங்கிவிடும். உள்ளே விளக்கும் கண்ணாடிகளும் லென்ஸும் உள்ள தடித்த வகைக்கு ஆழம் அதிகம். எழும்பி நிற்கும் பலகையையும் தெளிவாக எடுக்கும். பழைய பொருள் விற்கும் எம்மாயுஸ் கடைகளிலோ, போர்த் து மோந்த்ரேய் பழஞ்சந்தையிலோ பாருங்கள். ஒரு பிரதி எடுத்துப் பார்க்க விட்டால்தான் வாங்குங்கள்.

எத்தனை புள்ளியில் ஸ்கேன் செய்வது? அங்குலத்துக்கு 600. அதில் ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர். ஐ.சி. கால்களுக்கு இடையிலான வழக்கமான தூரம் 2.54 மில்லிமீட்டர், அதாவது சரியாக 60 புள்ளி. கால் மில்லிமீட்டர் அகலத் தடம் ஆறு புள்ளி அகலத்தில் தெரியும், வரைவதற்கு அது போதும். தடங்கள் இதைவிட மெல்லியவையாக இருந்தால் 1200 வையுங்கள். அதற்கு மேல் போனால் கோப்பு பெருக்குமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது. ஸ்கேனர் தானாகச் செய்யும் கூர்மையாக்கல், நிறத்திருத்தம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கோப்பை பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள். ஜே.பி.ஜி. தடத்தின் ஓரத்தைக் கறையாக்கும்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கைப்பேசியிலும் எடுக்கலாம். கிட்டப் போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். அரை மீட்டர் தள்ளி நின்று, இரட்டை உருப்பெருக்க லென்ஸ் இருந்தால் அதை வைத்து, பலகை படத்தின் நடுவில் வரும்படி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஈயத்தில் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், வெள்ளைத் தாள் எதிர்ப்பக்கம் என்று வைத்தால் நிழல் விழாது. உயரமான பாகங்கள் உள்ள மேல் பக்கத்துக்குக் கைப்பேசியே நல்லது. கீழ்ப் பக்கத்துக்கு ஸ்கேனர். நான் சிபாரிசு செய்வது இந்தக் கலப்பைத்தான்.

பச்சைக் கண்ணாடியிழைப் பலகையாக இருந்தால் பின்னால் டார்ச் வைத்து மூன்றாவது படம் ஒன்று எடுங்கள். செப்பு உள்ள இடம் கறுப்பாகவும் இல்லாத இடம் வெளிச்சமாகவும் வரும். பாகங்களுக்கு அடியில் ஒளிந்த தடங்கள் அதில் தெரியும். பழுப்பு நிறக் காகிதப் பலகையில் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது.

இரண்டு பக்கத்தையும் பொருத்துதல்

பாரிஸில் பலருடைய கணினி பிரெஞ்சில் இருக்கும், ஆங்கிலத்திலும் இருக்கும். அதனால் மெனுவின் பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறேன். கருவிகளின் சின்னம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

மேல் பக்கப் படத்தைத் திறங்கள். கீழ்ப் பக்கப் படத்தை அதே கோப்பில் இன்னொரு லேயராகத் திறங்கள். இப்போது கீழ்ப் பக்க லேயரை மட்டும் இடவலமாகத் திருப்புங்கள். பலகையைப் புரட்டிப் பார்க்கும்போது இடம் வலமாகிவிடுகிறது. அதைத் திருப்பினால்தான் மேலிருந்து பலகையை ஊடுருவிப் பார்ப்பதுபோல இரண்டும் ஒத்துவரும். கீழ்ப் பக்கத்தில் அச்சிட்ட எழுத்து இப்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அந்த லேயரின் ஒளிபுகா அளவைப் பாதியாகக் குறையுங்கள். மேல் படம் பின்னால் தெரியும். கைப்பிடிகளால் உருமாற்றும் கருவி ஒன்று 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து ஜிம்பில் இருக்கிறது. இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். கீழ்ப் பக்க லேயரில் நாலு மூலையில் உள்ள ஸ்குரூத் துளைகளின் மையத்தில் ஒவ்வொரு கைப்பிடி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இழுத்து மேல் படத்தின் அதே துளையில் கொண்டுபோய் விடுங்கள். நகர்த்தல், சுழற்றல், அளவு மாற்றல், கைப்பேசிக் கோணத்தால் வந்த சாய்வு எல்லாம் ஒரே கருவியில் சரியாகும். துளை இல்லாத மூலை இருந்தால் பலகையின் கூர்முனையைப் பிடியுங்கள். கிட்டக் கிட்ட உள்ள புள்ளிகளைப் பிடிக்காதீர்கள். நடுவில் அரைப் புள்ளி பிசகினால் ஓரத்தில் பத்துப் புள்ளி பிசகும்.

பொருந்தியதா என்று பார்க்க ஸ்குரூத் துளைகளை நம்பாதீர்கள், அவற்றை வைத்துத்தானே பொருத்தினோம். பலகையின் நடுவில் உள்ள ஒரு ரெசிஸ்டரின் கால் துளையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே பொருந்தினால் எங்கும் பொருந்தும். பிறகு இரண்டு படத்தையும் பூட்டிவிடுங்கள். இதற்குப்பின் அவற்றில் ஒரு கோடும் விழக்கூடாது.

பச்சை மைக்கு அடியில் தடம் மங்கலாக இருந்தால், படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரிக்கும் வசதி நிறங்கள் மெனுவில் உண்டு. மூன்றில் எதில் தடம் பளிச்சென்று பிரிகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, வளைகோட்டுக் கருவியால் மாறுபாட்டை ஏற்றுங்கள். ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொன்று ஒத்துவரும்.

தடங்களை வரைதல்

ஒளிபுகும் புது லேயர் ஒன்று. அதில் பென்சில் கருவியால் தடங்களின் மேல் வரையப் போகிறோம். பிரஷ் அல்ல, பென்சில். பிரஷ் ஓரத்தை மழுக்கும், ஒரு சிவப்பு நூறு சிவப்பாகிவிடும். பென்சிலில் ஓரம் வெட்டினாற்போல இருக்கும், நிறம் துல்லியமாக ஒன்றே. இதன் பலன் பின்னால் தெரியும். ஒரே நிறமுள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கருவியில் தளர்வைச் சுழியாக வைத்து ஒரு தடத்தைக் கிளிக் செய்தால், பலகை முழுவதும் அந்த இணைப்பில் உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரே நேரத்தில் மினுங்கும். ஆயிரம் யூரோ மென்பொருள் செய்வதை இந்த ஒரு பழக்கம் செய்துவிடுகிறது.

நேர்க்கோட்டுக்கு ஒரு முனையில் கிளிக் செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுமுனையில் கிளிக் செய்யுங்கள். பென்சிலின் பருமன் தடத்தின் அகலத்தில் பாதி இருந்தால் போதும். அடியில் உண்மையான செப்பு தெரிய வேண்டும், தெரிந்தால்தான் தவறைத் திருத்தலாம்.

நிறத்தில் ஒழுங்கு வேண்டும். மின்சாரம் நேரடியாக வரும் ஃபேஸுக்குச் சிவப்பு. நியூட்ரலுக்கு நீலம், பிரெஞ்சு வீட்டு வயரிங்கிலும் நியூட்ரல் நீலம்தான், கண் பழகியிருக்கும். 5 வோல்ட்டுக்கு ஆரஞ்சு, சில்லின், அதாவது ஐ.சி.யின், கிரவுண்டுக்குச் சாம்பல். மற்ற ஒவ்வொரு இணைப்புக்கும் புதுப்புது நிறம். ஒருமுறை பயன்படுத்திய நிறத்தை வேறு இணைப்புக்குத் தரவே கூடாது. நிறத்தின் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒருபக்கப் பலகையில் கவனிக்க வேண்டியது ஜம்பர். கீழே தடங்கள் ஒன்றையொன்று கடக்க முடியாததால், மேல் பக்கத்தில் வெறும் கம்பித் துண்டால் பாலம் போட்டிருப்பார்கள். அதற்கு இரு பக்கமும் ஒரே நிறம். சிறிய தட்டை ரெசிஸ்டரில் 000 என்றோ 0 என்றோ இருந்தால் அதுவும் ஜம்பர்தான். இன்னொன்று, பலகையில் நீளமாக வெட்டிய பிளவு. அது அழகுக்கு வெட்டியதல்ல. உயர் மின்னழுத்தத்துக்கும் தாழ்வுக்கும் இடையே போட்ட எல்லை. அதையும் தனி லேயரில் தடித்த கோடாக வரைந்து வையுங்கள்.

வேறொரு லேயரில் பாகங்களின் பெயர். பலகையில் அச்சிட்டிருப்பதையே எழுதுங்கள். ஆர்1, சி2, கியூ1 என்று. அவற்றின் மதிப்பை நோட்டில் எழுதுங்கள்.

சரிபார்த்தல்

வரைந்ததெல்லாம் ஊகம். மல்டிமீட்டர் சொன்னால்தான் உண்மை. பலகையின் கீழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் அளப்பீர்கள், ஆனால் நம் படம் மேலிருந்து பார்ப்பது. ஜிம்பில் படத்தைத் தொடாமல் பார்வையை மட்டும் இடவலமாகத் திருப்பலாம். அளக்கும்போது அப்படித் திருப்பிவைத்துக்கொள்ளுங்கள். மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பவர் அரை மணி நேரத்தில் தவறு செய்வார்.

பீப் சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. பல மீட்டர்கள் 30, 50 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். இந்தப் பலகைகளின் வாசலில் 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சாதாரணமாக இருக்கும். பீப்பைக் கேட்டு அதன் இரு முனையையும் ஒரே இணைப்பு என்று வரைந்தால், ஒரு பாகம் முழுதாகக் காணாமல் போய்விடும். ஓம் அளவில் வைத்து எண்ணைப் படியுங்கள். தடம் என்றால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும்.

நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில் ஒவ்வொரு நிறத்திலும் எந்தெந்தப் பாகத்தின் எந்தக் கால் இருக்கிறது என்று. மற்றதில் ஒவ்வொரு பாகத்தின் ஒவ்வொரு காலும் எந்த நிறம் என்று. ஒரே ஒரு கால் மட்டும் உள்ள நிறம் வந்தால் எங்கோ ஒரு தடத்தை விட்டிருக்கிறீர்கள், அல்லது அது தொழிற்சாலையில் சோதிக்கும் புள்ளி. நிறமே இல்லாத கால் வந்தால் படத்துக்குத் திரும்புங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மொத்த முயற்சியின் நம்பகமும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

பட்டியலிலிருந்து சர்க்யூட்டுக்கு

படம் பலகையின் இருப்பைக் காட்டும், வேலையைக் காட்டாது. வேலை தெரிய, சர்க்யூட்டாக வரைய வேண்டும். தாளிலேயே வரையலாம். கணினியில் என்றால் கீகேட் என்ற மென்பொருள். 1992-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ழான்-பியேர் ஷர்ராஸ் தொடங்கியது, இன்றும் இலவசம். அதன் 7-ஆம் பதிப்பிலிருந்து நம் ஜிம்ப் படத்தை அடியில் வைத்துக்கொண்டு பலகையை மேலே வரையவும் முடியும்.

டைமர் உள்ள கிரைண்டர் பலகை ஒன்றில் இதை ஓட்டிப் பார்ப்போம். சிவப்பில் தொடங்குங்கள். ஃபேஸ் உள்ளே வந்ததும் ஃபியூஸ். ஃபியூஸைத் தாண்டியதும் நீலத்துக்கு ஒரு வட்டமான வேரிஸ்டர் தாவி நிற்கும், மின்னழுத்தம் திடீரென எகிறினால் அது தாங்கும். அங்கிருந்து 474 கண்டன்சர், அதன் குறுக்கே வடிக்கும் ரெசிஸ்டர். பிறகு அந்த 22 ஓம். பிறகு ஒரு டயோடு, ஒரு ஸெனர், ஒரு குண்டுக் கண்டன்சர், சில்லு. டிரான்ஸ்பார்மர் எங்கே என்று தேடாதீர்கள், இல்லை. 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் வேலையை அந்த 474 கண்டன்சரே செய்கிறது.

கணக்கு எளிது. 474 என்றால் 0.47 மைக்ரோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 6800 ஓம் தடையாக நிற்கும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 34 மில்லி ஆம்பியர். ஒரு டயோடு மட்டும் இருந்தால் அலையின் பாதிதான் உபயோகப்படும். சில்லுக்கும் டிஸ்பிளேவுக்கும் மோட்டாரைக் கிளப்பும் ட்ரையாக்குக்குமாகக் கிடைப்பது சுமார் 15 மில்லி ஆம்பியர். பலகை முழுவதும் பிழைப்பது இந்தச் சிறு ஓட்டத்தில்.

இப்போது பழுதுக்கு வாருங்கள். இந்தக் கண்டன்சர் வருடக்கணக்கில் 230 வோல்ட்டின் குறுக்கே நின்று மெல்ல மெல்லத் தேயும். 0.47 என்பது 0.2 ஆனால் ஓட்டம் 15-லிருந்து ஆறு ஏழு மில்லி ஆம்பியருக்கு விழும். டிஸ்பிளே மங்கும், பட்டனை அழுத்தினால் எண் அணைந்து மறுபடி வரும், மோட்டார் கிளம்பாது. வரைபடம் இல்லாதவர் மோட்டாரைப் பழிப்பார், சில்லைப் பழிப்பார், கடைசியில் கிரைண்டரையே தூக்கிப் போடுவார். வரைபடம் உள்ளவர் கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றி அளப்பார். மாற்றும்போது அதே எக்ஸ்2 வகை, 275 வோல்ட் அல்லது அதற்கு மேல். சாதாரணக் கண்டன்சரைப் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

அதே வரைபடம் இன்னொரு விஷயத்தையும் காட்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. ட்ரையாக்கிடம் போங்கள். பி.டி. 139 போன்ற மூன்று கால் பாகம், வெப்பத் தகட்டில் ஸ்குரூ போட்டிருக்கும். அதன் முதல் காலைப் பிடித்து நிறத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல பலகைகளில் அது சில்லின் 5 வோல்ட் தடத்தோடு நேரடியாக இணைந்திருக்கும், அந்தத் தடமோ ஃபேஸிலோ நியூட்ரலிலோ போய் முடியும். அதாவது பிளக்கைச் செருகியதும் சில்லும் டிஸ்பிளேயும் பட்டனும் அத்தனையும் கரண்ட் மேல் மிதக்கின்றன. அந்தப் பலகையில் கிரவுண்ட் என்று எழுதியிருப்பது பூமி இல்லை. பல பி.டி. 139-களின் உலோக முதுகு இரண்டாவது காலோடு இணைந்தது, ஆகவே வெப்பத் தகட்டிலும் கரண்ட் இருக்கும். பிரான்ஸில் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கை எப்படியும் திருப்பிச் செருகலாம் என்பதால், நியூட்ரல் பக்கம்தானே என்று நினைக்கவும் வழியில்லை. பிளக் செருகிய பலகையில் அலைக்காட்டியின் கிளிப்பையோ கணினியின் யூ.எஸ்.பி. வயரையோ ஒருபோதும் மாட்டாதீர்கள். இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லா அளவும் பிளக் உருவிய நிலையில் எடுப்பவைதான்.

எட்டாத இடங்கள்

நாலு அடுக்குப் பலகையில் நடுவில் இரண்டு அடுக்கு ஒளிந்திருக்கும். ஸ்கேனர் அதைப் பார்க்காது. பாதி இணைப்புகளை மீட்டரால் மட்டுமே தேட வேண்டும். கிரைண்டர், மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, கடை வாசலில் ஓடும் எழுத்துப் பலகையின் பவர் சப்ளை ஆகியவற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு அடுக்குதான், தைரியமாக இறங்கலாம். கைப்பேசி போர்டில் இந்த முறையை முயல வேண்டாம், அடுக்குகள் அதிகம், நேரம்தான் வீணாகும்.

சில்லுக்குள் எழுதிய புரோகிராமும் படத்தில் வராது. சில்லே செத்திருந்தால் அதே சில்லை வாங்கிப் போட்டாலும் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் வரைபடம் வீணாகாது. ட்ரையாக்கின் கேட் எங்கே, பட்டன் எங்கே என்று தெரிந்துவிட்டதால், டைமரைக் கைவிட்டு, மோட்டாரின் ஆம்பியரைத் தாங்கும் சுவிட்ச் ஒன்றால் கிரைண்டரை ஓட வைக்கலாம். நேரம் காட்டாத கிரைண்டரும் மாவு அரைக்கும்.

சட்டம் பற்றிப் பயப்படுவோருக்கு: முறைப்படி உங்கள் கையில் உள்ள பொருளைப் பிரித்து, பார்த்து, சோதித்து அறிந்துகொள்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு வணிக ரகசிய நெறிமுறையின்படி நியாயமான வழி. பிரான்ஸ் அதை 2018 ஜூலை 30-ஆம் தேதிச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. பழுது பார்க்க வரைபடம் எடுப்பது அதற்குள் அடங்கும். அந்தப் பலகையை அப்படியே நகலெடுத்து விற்பது வேறு விஷயம், அதற்குக் காப்புரிமை முதலான வேறு சட்டங்கள் குறுக்கே வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடைசியாகச் சேமிப்பு. ஜிம்பின் சொந்த வடிவத்தில் ஒரு கோப்பு, லேயர்கள் அப்படியே இருக்க. பி.என்.ஜி.யில் ஒரு கோப்பு, யாரும் திறந்து பார்க்க. பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணையே கோப்பின் பெயராக வையுங்கள், கிரைண்டர் கம்பெனியின் பெயரை மட்டும் வைக்காதீர்கள். வேறுவேறு கம்பெனிப் பெட்டிக்குள் ஒரே எண்ணுள்ள பலகை இருக்கக்கூடும். நோட்டில் எழுதிய இரண்டு பட்டியலையும் படமெடுத்து அதோடு சேருங்கள்.

லாச்சப்பலில் பழுது பார்க்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சரி செய்ய முடியாத பலகை வந்தால் அதைக் குப்பையில் போடுமுன் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். வரைய நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, படமாவது இருக்கட்டும். எடுத்த வரைபடத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் கொடுங்கள். ஒரு பலகைக்கு ஒருவர் ஒருமுறை உழைத்தால் போதும், அடுத்தவர் நேராகப் பழுதைப் பார்க்கலாம்.